மீதிப் பேர் என்ன ஆனார்கள்? எச்.ஐ.வி. செய்தியாளரின் நாற்பதாண்டுக் கணக்கு

பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அமெரிக்காவில் எச்.ஐ.வி. பற்றி எழுதிய செய்தியாளர்களின் நாற்பதாண்டு வேலையைப் புரட்டினால், சறுக்கிய இடங்களில் பெரும்பாலானவை கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன. எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தலைப்பில் பெரிய எழுத்தில் வரும். எத்தனை பேரில் என்பது கடைசிப் பத்திக்குப் போகும், சில நாள் அச்சுக்கே வராது. தன்பாலீர்ப்பு ஆண்கள் இந்த நோயை எப்படித் தாங்கினார்கள் என்ற செய்தியோ முழுக்க முழுக்க அந்தக் கீழ் எண்ணில் இருக்கிறது. நோய் வராதவர்கள், வந்தும் பிழைத்தவர்கள், பிழைத்தபின் அடுத்தவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கணக்கு ஐந்து பேரில் தொடங்கியது. 1981 ஜூன் 5 அன்று, நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வார அறிக்கையில் லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் ஐவரைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. அதுவரை நல்ல உடம்போடு இருந்தவர்களுக்கு, எதிர்ப்பாற்றல் அடியோடு சரிந்தவர்களை மட்டுமே தாக்கும் நிமோசிஸ்டிஸ் நிமோனியா. அறிக்கை அச்சேறும்போது இருவர் இறந்திருந்தனர். ஜூலை 3 அன்று நியூயார்க் டைம்ஸ் 41 பேருக்கு அரிய புற்றுநோய் என்று உள்பக்கத்தில் ஒரு செய்தி போட்டது.

ஆனால் இவை இரண்டுக்கும் முன்னதாகவே ஒரு செய்தி வந்துவிட்டது. நியூயார்க் நேட்டிவ் என்ற தன்பாலீர்ப்பாளர் ஏட்டில், மே 18 தேதியிட்ட இதழில், லாரன்ஸ் மாஸ் என்ற மருத்துவர் எழுதினார். நகரில் உலவிய பேச்சை அவர் அதிகாரிகளிடம் விசாரித்தார். வதந்திதான், பெரிதாக ஆதாரமில்லை என்றார்கள். தலைப்பும் அப்படியே அமைந்தது. இந்தத் துறையின் முதல் செய்தி முந்திக்கொண்ட செய்தி, கூடவே பிழையான செய்தி. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு அதிகாரபூர்வ வாயை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மாஸ் அடுத்த ஆண்டே ஜி.எம்.எச்.சி. என்ற உதவி அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, தொடர்ந்து எழுதினார்.

செய்தி எழுதுபவரே அமைப்பும் நடத்தலாமா என்று இன்றைய ஆசிரியர் மேசை கேட்கும். அன்று எழுத வேறு ஆளில்லை. பெரிய ஏடுகளில் பெரும்பாலானவை திரும்பிப் பார்த்தது 1985 ஜூலையில், நடிகர் ராக் ஹட்சனுக்கு எய்ட்ஸ் என்று அறிவிப்பு வந்த பிறகுதான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளைச் சிறு ஏடுகளும் துண்டுப் பிரசுரங்களும் தாங்கின.

சோதனை வருமுன்பே குறைந்த தொற்று

அந்த நான்கு ஆண்டுகளில் நடந்த ஒன்றைப் பலர் இன்றும் சரியாக எழுதுவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1978 முதல் 1980 வரை ஹெபடைட்டிஸ் பி ஆய்வுக்காக ஆயிரக்கணக்கான தன்பாலீர்ப்பு ஆண்கள் ரத்தம் கொடுத்திருந்தார்கள். குளிர்ப்பெட்டியில் கிடந்த அந்த மாதிரிகளைப் பின்னாளில் எச்.ஐ.வி.க்காகச் சோதித்து, அதே ஆண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, புதிய தொற்று 1982 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு மளமளவென்று இறங்கியிருப்பது தெரிந்தது. எச்.ஐ.வி. ரத்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று தெரியாத காலத்திலேயே மக்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று பொருள்.

எதனால் மாறினார்கள்? நண்பர்கள் கண்முன்னே இறந்தது ஒரு காரணம். 1983-இல் நோயாளிகள் இருவர், மருத்துவர் ஒருவரின் துணையோடு எழுதிய 40 பக்கக் கையேடு இன்னொன்று. உடலுறவை விடச் சொல்லாமல், ஆணுறையோடு எப்படித் தொடர்வது என்று அது பச்சையாகச் சொன்னது. அதே ஆண்டு டென்வரில் கூடிய நோயாளிகள், எங்களை எய்ட்ஸுக்குப் பலியானவர்கள் என்று எழுதாதீர்கள், எய்ட்ஸோடு வாழ்பவர்கள் என்று எழுதுங்கள் என அறிக்கை விட்டார்கள். மொழிநடைக் கையேடுகள் அந்த வேண்டுகோளை ஏற்க வெகுகாலம் ஆயிற்று.

இதற்கும் முந்தைய ஒரு கதை உண்டு, அதை யாரும் எடுப்பதே இல்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வேலை செய்கிறது என்று நிரூபித்த ஆய்வில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நியூயார்க்கின் தன்பாலீர்ப்பு ஆண்கள் 1,083 பேர். முடிவு 1980-இல் வெளியானது. அதனால் பயன்பெற்றது உலகம் முழுவதும்.

ஓ என்ற எழுத்து பூஜ்யமான கதை

ராண்டி ஷில்ட்ஸ் இந்தத் துறையின் பெரிய பெயர். 1981-இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிளில் சேர்ந்து, எய்ட்ஸையே முழுநேரப் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர். அரசின் மெத்தனத்தை அவரைப்போல் அம்பலப்படுத்தியவர் யாருமில்லை. தன் சோதனை முடிவு எழுத்தின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று, 1987-இல் வந்த தன் நூலை முடிக்கும்வரை அதைச் சொல்ல வேண்டாம் என மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். 1994-இல் எய்ட்ஸால் இறந்தார்.

அந்த நூலில்தான் துறையின் மிகப் பெரிய பிழையும் இருக்கிறது. சி.டி.சி. ஆய்வாளர்கள் 40 நோயாளிகளின் பாலுறவுத் தொடர்புகளைக் கோடு போட்டு ஒரு படம் வரைந்தார்கள். கலிபோர்னியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதைக் குறிக்க ஒருவருக்கு ஆங்கில ஓ எழுத்தை இட்டார்கள். அது வட்டமாக இருந்தது. படித்தவர்கள் பூஜ்யம் என்று படித்தார்கள். பூஜ்யம் என்றதும் தொடக்கப் புள்ளி என்று அர்த்தம் ஏறிவிட்டது. ஒரு கனடிய விமானப் பணியாளர் அமெரிக்காவுக்கே எய்ட்ஸைக் கொண்டுவந்தவர் ஆனார். நூலை விற்க அந்தக் கதையே முன்னுக்குத் தள்ளப்பட்டது. 2016-இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு, வைரஸ் 1970-ஐ ஒட்டியே நியூயார்க்கில் நுழைந்துவிட்டது என்றும், அவருடைய வைரஸ் அந்த மரத்தின் நடுக்கிளை ஒன்றில்தான் இருக்கிறது என்றும் காட்டியது. அவர் இறந்து அதற்குள் முப்பது ஆண்டு கடந்திருந்தது.

பிழையின் பொறிமுறையைக் கவனிக்க வேண்டும். தகவல் கொடுத்த அந்த விமானப் பணியாளருக்கு ஆண்டுக்கணக்கில் இன்னாரோடெல்லாம் உறவு என்று பெயர் சொல்லும் நினைவாற்றல் இருந்தது. அதனாலேயே படத்தில் அவரிடமிருந்து கோடுகள் அதிகம் கிளம்பின. ஒத்துழைத்தவர் குற்றவாளி ஆனார். வாயைத் திறக்காதவர்கள் படத்திலேயே இல்லை.

வரைபடத்தில் திடீர் எழுச்சி

எய்ட்ஸ் எண்ணிக்கை வரைபடத்தைக் கையில் எடுக்கும் புதியவர் 1993-இல் தடுக்கி விழுவார். அறிவிக்கப்பட்ட நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட இரட்டிப்புக்கும் மேல். நோய் அந்த ஆண்டு வெடிக்கவில்லை, இலக்கணம்தான் மாறியது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு, எதிர்ப்பாற்றல் தரும் சி.டி.4 அணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் என்று ஜனவரியிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அதுபோல 2020-இல் தெரியும் சரிவை வெற்றி என்று எழுதினால் அதுவும் பிழை. கோவிட் காலத்தில் சோதனைக்கு வந்தவர்களே குறைவு. இன்னொரு வழக்கமான குழப்பமும் உண்டு: இந்த ஆண்டு கண்டறியப்பட்டவர் இந்த ஆண்டு தொற்றியவர் அல்லர். சிலருக்கு இரண்டுக்கும் இடையில் பத்தாண்டுகூட இருக்கும். ஆகவே புதிய தொற்று என்று எழுதுமுன் அட்டவணையின் தலைப்பு வரியை மறுபடி படிக்க வேண்டும்.

உண்மையான சரிவு 1996-க்குப் பின் வந்தது. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் புதிய மருந்து வகையான புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகளில் முதலாவதற்கு 1995 டிசம்பரில் அனுமதி. அடுத்த மார்ச்சில் இன்னும் இரண்டு. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சை பரவியதும், 1996-க்கும் 1997-க்கும் இடையில் எய்ட்ஸ் மரணங்கள் 47 விழுக்காடு குறைந்தன. சான் பிரான்சிஸ்கோவின் பே ஏரியா ரிப்போர்ட்டர் ஏட்டுக்கு வாராவாரம் இரங்கல் குறிப்புகள் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தன. 1998 ஆகஸ்ட் 13 இதழில் ஒன்றுகூட இல்லை. இரங்கல் இல்லை என்பதையே முதல் பக்கத் தலைப்பாக்கினார்கள். வராத செய்தி செய்தியான அபூர்வ நாள் அது.

அதே ஆண்களின் மேல் 2005 பிப்ரவரியில் எதிர்மாறான தலைப்பு விழுந்தது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை செய்தியாளர்களைக் கூட்டி, நான்கு மருந்து வகைகளில் மூன்றுக்கு மசியாத, மிக வேகமாக எய்ட்ஸாக முற்றும் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொன்னது. எத்தனை பேரிடம்? ஒருவரிடம். மறுநாள் ஏடுகளில் அது சூப்பர் கிருமி. வேகம் கிருமியால் வந்ததா, அந்த மனிதரின் உடலால் வந்ததா என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்தறிய முடியாது என்று மருத்துவர்கள் சிலர் அன்றே சொன்னார்கள். அஞ்சிய பரவல் நிகழவே இல்லை. அச்சம் மட்டும் நன்றாகப் பரவியது.

44 விழுக்காடு என்றால் என்ன

ஒரே ஓர் ஆய்வை உரித்துப் பார்த்தால் இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது விளங்கும். 2010 நவம்பரில் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வு, எச்.ஐ.வி. இல்லாதவர்கள் தினம் ஒரு மாத்திரை போட்டால் தொற்று தடுக்கப்படுமா என்று பார்த்தது. ஆறு நாடுகள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கைகளுமாக 2,499 பேர். 1,251 பேருக்கு மருந்து, 1,248 பேருக்குப் போலி மாத்திரை. தலைப்பு எங்கும் ஒன்றுதான்: 44 விழுக்காடு பாதுகாப்பு.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? போலி மாத்திரைக் குழுவில் 64 பேருக்குப் புதிதாகத் தொற்று, மருந்துக் குழுவில் 36 பேருக்கு. 64-இலிருந்து 36-க்கு இறங்கியது சுமார் 44 விழுக்காடு. இது ஒப்பளவு. தனியளவில் சொன்னால் நூற்றுக்கு 5 பேர் என்பது நூற்றுக்கு 3-ஆகக் குறைந்தது. இரண்டையும் எழுத வேண்டும். ஒப்பளவை மட்டும் எழுதினால் ஊதிப்பெருக்கல், தனியளவை மட்டும் எழுதினால் மட்டந்தட்டல்.

பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திக்கொண்டு, பாதிகூடத் தேறாத மருந்து என்று எழுதினார்கள். கட்டுரையின் உள்ளே இன்னோர் அட்டவணை இருந்தது. மருந்துக் குழுவில் தொற்று வந்தவர்களில் 34 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் மருந்து இருந்தது 3 பேரிடம் மட்டும். தொற்று வராதவர்களில்கூட ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் இருந்தது. வாயால் கேட்டபோதோ கிட்டத்தட்ட எல்லோருமே தவறாமல் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆக 44 என்பது மாத்திரையின் வலிமை அல்ல. மாத்திரையும் அதைப் போட்டவர்களும் போடாதவர்களும் கலந்த சராசரி. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களுக்குத் தடுப்பு 90 விழுக்காட்டைத் தாண்டியது. 2012 ஜூலையில் அதே மாத்திரையான ட்ருவாடாவுக்குத் தடுப்பு மருந்தாக அனுமதி கிடைத்தபோதும், பழைய 44-ஐச் சுமந்துகொண்டு எத்தனையோ செய்திகள் வந்தன.

பூஜ்யத்தையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். 2019-இல் லான்செட்டில் வெளியான பார்ட்னர்-2 ஆய்வு, ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்குத் தொற்றின்மையுமாக வாழ்ந்த ஆண் இணைகள் 782-ஐ ஐரோப்பாவில் தொடர்ந்தது. தொற்றுள்ளவர் சிகிச்சையில் இருந்து, வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆணுறை இல்லாத உறவு சுமார் 76,000 முறை பதிவானது. இணையரிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. ஆனால் 15 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. வந்தது! மரபணுவை ஒப்பிட்டதில் அந்த 15-உம் வெளியார் மூலம் வந்தவை. சுருக்கத்தை மேலோட்டமாகப் படித்தவருக்கு 15 மட்டும் கண்ணில் படும். வைரஸ் தென்படாவிட்டால் தொற்றும் கடத்தப்படாது என்ற வாசகத்தைத் தாங்கும் வலுவான தூண்களில் ஒன்று அந்த ஆய்வு.

விதியா, வேகமா

2016 பிப்ரவரியில் சி.டி.சி. ஒரு கணிப்பை வெளியிட்டது: கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களில் இருவரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. கண்டறியப்படும். வெள்ளையருக்கு அது 11-இல் ஒருவர். முன்னால் ஒரு நிபந்தனை இருந்தது, இப்போதைய வேகம் மாறாமல் நீடித்தால் என்று. தலைப்புகளில் அந்த வாக்கியம் கழன்று விழுந்தது. பதினெட்டு வயதுப் பையனுக்கு அது கணிப்பாகவா கேட்கும், தீர்ப்பாகத்தான் கேட்கும்.

அதைவிட மோசம், காரணம் நடத்தைதான் என்று வாசகர் தாமே நிரப்பிக்கொள்வது. கிரெக் மில்லட் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, கறுப்பின ஆண்களிடம் ஆபத்தான நடத்தை வெள்ளையரைவிட அதிகமில்லை என்று காட்டியது. வேறுபட்டவை வருமானம், காப்பீடு, சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு. ஒரு வட்டத்தில் சிகிச்சை இல்லாதவர் அதிகம் இருந்தால், அங்கே ஒரே ஒரு உறவின் ஆபத்தும் கூடும். இந்த ஒரு பத்தியைச் சேர்க்காமல் அந்தச் செய்தியை அனுப்பவே கூடாது என்பது எங்கள் கட்சி.

தாங்குதிறன் என்ற சொல் ஆய்வுலகில் நுழைந்ததும் இப்படிக் கீழ் எண்ணைப் பார்த்ததால்தான். ரான் ஸ்டால் குழு 2003-இல் நான்கு பெருநகரங்களில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் 2,881 பேரை ஆய்ந்து, மனச்சோர்வு, பல போதைப்பொருள் பழக்கம், இணையர் வன்முறை, சிறுவயதில் பாலியல் வன்முறை ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எச்.ஐ.வி. ஆபத்தைக் கூட்டுகின்றன என்று காட்டியது. பின்னாளில் அதே ஆய்வாளர்கள் அட்டவணையைத் திருப்பிப் படித்தார்கள். மூன்று, நான்கு சுமை இருந்தவர்களிலும் பெரும்பான்மையோருக்குத் தொற்று இல்லை. அவர்களைக் காத்தது எது என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

செய்தியாளருக்கு இதில் ஒரு வழுக்கல் உண்டு. தாங்குதிறனைத் தனிமனித வீரமாக எழுதினால், உதவித்தொகையை வெட்ட நினைப்பவருக்கு அது வசதியாகிவிடும். மேலும் பேட்டிக்குக் கிடைப்பவர் பிழைத்தவர் மட்டுமே. 1993-இல் படுத்தவருக்கும் 1996-இல் படுத்தவருக்கும் உள்ள வேறுபாடு மனவுறுதி அன்று, மருந்து வந்த தேதி. எனவே எப்படி இவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்ற கேள்வியை விட்டுவிடலாம், அதற்குத் தேய்ந்த பதில்தான் வரும். மருத்துவமனைக்கு வண்டி ஓட்டியது யார், வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது, வேலை போன மாதம் வாடகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெயர்களும் ஊர்களும் வரும். கைவிட்டவர்களும் அந்தப் பதிலில் வருவார்கள்.

பேட்டிக்கு உட்காரும்போது

தேதிகளைச் சரிபார்க்க மருந்துகளே நல்ல சாட்சி. முதல் எச்.ஐ.வி. மருந்தான ஏ.இசட்.டி.யின் தொடக்ககால அளவு நான்கு மணிக்கொரு முறை, இரவிலும் எழுந்து போட வேண்டும். பீப் ஒலிக்கும் மாத்திரைப் பெட்டியை ஒருவர் நினைவுகூர்ந்தால் அது 1987-ஐ அடுத்த ஆண்டுகள். வெறும் வயிற்றில் எட்டு மணிக்கொரு முறை, சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து குடம் குடமாகத் தண்ணீர் என்றால் இண்டினாவிர் என்ற புரோட்டியேஸ் மருந்து, 1996-க்குப் பிறகு. 1993-இலேயே புரோட்டியேஸ் மருந்து சாப்பிட்டேன் என்றால் ஒன்று மருத்துவ ஆய்வில் இருந்திருப்பார், அல்லது ஆண்டு பிசகியிருக்கும். மெல்லக் கேட்க வேண்டியதுதான்.

பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று எண்ணக் கூடாது. வயது, தொழில், ஊர், கண்டறிந்த ஆண்டு நான்கும் சேர்ந்தால் சிறு நகரத்தில் ஒருவரைத்தான் குறிக்கும். அவற்றில் இரண்டையாவது விட வேண்டும், மாற்றி எழுதுவது கூடாது. படத்தில் மாத்திரைக் குப்பி இருந்தால் லேபிளைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவசியம்: நோயாளி பெயர், மருந்துச்சீட்டு எண், மருந்தகத்தின் தொலைபேசி மூன்றும் அதில் இருக்கும். 26 வயதுக்குட்பட்டவர் பெற்றோரின் காப்பீட்டில் இருந்தால், தடுப்பு மாத்திரைக்கான கணக்குத்தாள் பெற்றோர் வீட்டுக்கே போகலாம். பேட்டி தருபவருக்கு அது தெரியாமலும் இருக்கும்.

மருத்துவத் தகவலைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் மருத்துவமனையையும் காப்பீட்டாரையும்தான் கட்டும், செய்தியாளரை அல்ல. ஆகவே பொறுப்பு முழுக்க எழுதுபவர் தலையில். பல மாநிலங்களில் தொற்றை மறைத்து உறவுகொள்வது இன்னும் குற்றம். ஒருவர் பழைய உறவுகளைப் பற்றிச் சொல்லும் ஒரு வரி, அச்சானபின் வழக்கறிஞர் கைக்குப் போகும் சான்று. எந்தத் தேதிவரை பேச்சைத் திரும்பப் பெறலாம் என்பதைப் பதிவுக்கருவியை ஓடவிடுமுன்பே சொல்லிவிட வேண்டும். டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் 1992 ஏப்ரலில் தன் தொற்றைப் பகிரங்கமாகச் சொன்னது விரும்பி அல்ல. அவருக்கு அது ஏற்றப்பட்ட ரத்தத்தால் வந்தது. ஒரு நாளேடு விசாரிக்கத் தொடங்கியதால், அவர்கள் எழுதுமுன் தானே சொல்லிவிட்டார்.

எழுதுபவருக்கே தொற்று இருந்தால்? நியூயார்க் டைம்ஸின் ஜெஃப்ரி ஷ்மால்ஸ் 1990 டிசம்பரில் செய்தி அறையில் மயங்கி விழுந்து, தனக்கு எய்ட்ஸ் என்று அறிந்தார். பிறகு எய்ட்ஸையே தன் துறையாக்கி, தன் நிலையை வாசகரிடம் சொல்லிவிட்டே எழுதினார். 1993 நவம்பரில், 39 வயதில் இறந்தார். கடைசிக் கட்டுரை அவர் இறந்தபின் அம்மாதமே வந்தது. மறைக்காமல் சொன்னால் அது சார்பு ஆகாது, வாசகர் எடை போட்டுக்கொள்ளும் தகவல் ஆகும்.

கடைசியாக அட்டைப்பெட்டிகள். இத்துறையில் முப்பதாண்டு உழைத்தவரிடம் ஒலிநாடாக்களும் குறிப்பேடுகளும் மலையாகக் கிடக்கும். ஷில்ட்ஸின் தாள்கள் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் இருக்கின்றன, ஜி.எம்.எச்.சி.யின் ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்தில். நாடா காந்தப்பூச்சு உதிரக்கூடியது, எனவே முதலில் டிஜிட்டலாக்கம். கொடைப் பத்திரத்தில் எந்தப் பெட்டியை எந்த ஆண்டுவரை பூட்டி வைப்பது என்று தனித்தனியாக எழுதலாம், நூலகங்கள் அதை ஏற்கும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்து எடுத்த பேட்டிகளின் பெயர்ப்பட்டியலைப் பெட்டியோடு வைக்கக் கூடாது. பேசியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடிப் பார்த்து, இருந்தால் கேட்டு, இல்லையென்றால் பூட்டின் ஆண்டைக் கூட்டிப் போட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.